மண்டியிட்ட வண்டி

மார்ச் 4, செவ்வாய்

வண்டி வாங்கிவிட்டேன். வண்டிக்குப் பதினாறு வயசு. பெரிய இடத்து வண்டி, காடு மேடெல்லாம் ஏறுமாம். உங்களுக்கு எந்தக் காடு என்று மச்சான் கேட்டார். காரணம் ஒன்றுதான்: இதில் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப் பைகள். பொத்தானை அமுக்கிக் காற்றை இறக்கினால் வண்டியே மண்டியிடும். பார்க்கப் போனபோதே தரையோடு தரையாகப் பணிந்து நின்றது. வீட்டம்மாவுக்கு ரொம்ப வசதி என்றார் விற்றவர். அங்கேயே கவிழ்ந்துவிட்டேன்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்த அன்று இரண்டு பேர் என் மனைவியை மூட்டை போலத் தூக்கி டாக்சியில் ஏற்றினார்கள். "இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்" என்றாள். ஏழு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்து ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்.

மார்ச் 5

நேற்று எழும்பி வீடு வரை வந்த வண்டி, காலையில் பார்த்தால் படுத்துக் கிடக்கிறது. யோசித்துப் பார்த்தால்... விற்றவர் எந்தப் பொத்தானையும் அமுக்கவே இல்லையே! அது மண்டியிடவில்லை. காற்று போய் விழுந்து கிடந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் காலேஜில் காற்றழுத்தப் பாடம் நடத்தியவன் நான்.

மார்ச் 9

மெக்கானிக் வந்தார். காற்றில்லாமல் ஓட்டினால் டயர் உரசும், முதலில் சோப்புத் தண்ணீர் அடித்து ஓட்டையைத் தேடலாம் என்றார். காற்றடைக்கும் கம்ப்ரசர்தான் பலவீனம் என்று நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "சார் சொன்னா சரி" என்று தலையைச் சொறிந்தார்.

மார்ச் 17

புதுக் கம்ப்ரசர் மாட்டியாச்சு. வண்டி ஜம்மென்று நிற்கிறது. இதிலேயே உன் தங்கச்சி வீட்டுக்குப் போகலாம் என்று அவளிடம் வாய்விட்டுவிட்டேன். ஜன்னலிலிருந்து வண்டியை எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 21

படுத்துவிட்டது.

மார்ச் 26

புதுக் கம்ப்ரசரும் போச்சு. ஓட்டையில் போகிற காற்றை ஈடுகட்ட ஓடி ஓடியே கருகிவிட்டதாம். மெக்கானிக் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. இன்னொன்று மாட்டி, லிஃப்டில் தூக்கி, நான்கு காற்றுப் பைகளுக்கும் சோப்பு நுரை அடித்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை.

கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடப்போய் ஒரு பை கையில் தட்டுப்பட்டது. உள்ளே அவளுடைய மாற்றுத் துணி, மாத்திரை டப்பா, தங்கச்சிக்கு ஒரு சால்வை. எப்போது எடுத்து வைத்தாள்? ஆசை காட்டி மோசம் பண்ணிட்டேனே. எதுக்கு எனக்கு இந்த வேண்டாத வேலை?

ஏப்ரல் 6

காலையிலிருந்து பாயை விரித்து, பின்சக்கரங்களை முடித்துவிட்டு, முன்சக்கரத்துக்கடியில் படுத்து நானே நுரை அடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்பையெல்லாம் காலி பண்ணியாச்சா என்று குரல் கேட்டது. வாக்கரோடு வந்து, பின்சக்கரத்துப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று திட்டு நின்றது.

"இங்க வாங்க. இந்தப் பையோட மடிப்புல நுரை பொங்குது."

அவள் உட்கார்ந்த கோணத்துக்கு நேராக இருந்தது. குனிகிற எனக்கும் தெரியாது, படுக்கிற எனக்கும் தெரியாது. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது பை நீண்டு மடிப்பு விரிந்துவிடும், வெடிப்பு தெரியாது என்றார் மெக்கானிக் போனில். அம்மாவைப் பட்டறைக்கு வேலைக்கு அனுப்பச் சொன்னார்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வாசற்படி தாண்டி வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 15

புதுப் பை. மூன்று நாளாக ஒரு விரல்கூட இறங்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் முன்சீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். பெருமூச்சு விட்டு இறங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே மண்டியிட்டது. அவள் திறந்த கதவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பானெட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக மறுபக்கம் நடந்தாள்.

"ஆபரேஷன் இடது பக்கம். இதுல கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்ல. டாக்டர்கிட்ட கேட்டாச்சு, ஓட்டலாம்னுட்டாரு. நீங்க அங்க உக்காருங்க."

யாரும் தூக்கவில்லை. உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தங்கச்சி வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். நோட்டை மூடிவிட்டு பெல்ட்டைப் போடச் சொல்கிறாள், பழைய டிரைவிங் ஸ்கூல் குரலில்.