அவரே நிறுத்திய ஹீட்டர்

கார்த்திகைக் கடைசி, புதன் இரவு

புயலில் போன கரண்ட் இன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. முதல் வேலையாக ஓடிப்போய் ரூம் ஹீட்டரைப் போட்டேன். டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் உடம்பில் சூடு தங்குவதில்லை. உப்பளத்து வெயிலில் நாள் முழுக்க நின்று உப்பு வாரின மனுஷன், கரண்ட் இல்லாத இத்தனை நாளும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே கிடந்தார். சுடுதண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைத்துப் பார்த்தேன். அது ஆறினதும் பழையபடி நடுக்கம்.

கஞ்சி வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஹீட்டர் அணைந்திருந்தது. மறுபடியும் கரண்ட் போய்விட்டதோ என்று பயந்தேன். ஆனால் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் நிறுத்தியிருக்கிறார்.

"ஏங்க, எதுக்கு நிறுத்தினீங்க?"

"போன கரண்ட் பில்லுக்கே உன் கம்மல் அடகுக்குப் போச்சு."

"கம்மல் போனா போவுது. நீங்க நடுங்கறத என்னால பாக்க முடியல."

"நான் போனா குளிரும் என்னோட போயிடும். பில்லு உங்க ரெண்டு பேர் தலையிலதானே நிக்கும்."

மகள் ரேவதி பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. நான் ஸ்விட்ச் வரைக்கும் போனேன். கையை வைத்தேன். போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ரேவதி புத்தகத்தை மூடிவிட்டு, அப்பா முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். இதை எழுதி முடித்துவிட்டு அவருக்கு மறுபக்கம் நான் போய்ப் படுக்க வேண்டும்.

கரண்ட் இன்னும் போகவில்லை. அவர் பல் தந்தியடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.