தம்பி கேட்டால் கொடுப்பார்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், கை வரவில்லை. கப்பலில் பேண்ட் வாசிக்கிறவர்களுக்கு வேளைக்குச் சோறு போடுகிறார்களா? நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் உப்பியிருக்கிறது. ஊதி உப்பியதா, தின்று உப்பியதா என்று சின்னவள் கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனுக்கு மேலுதட்டில், உள்ளே தசை கிழிந்திருக்கிறது. காபி குடித்தால் ஓரமாக ஒழுகுகிறது. போன வாரம் சின்னவளின் கஞ்சியை ஆற்ற ஊதினார். காற்று பக்கவாட்டில் போயிற்று, கஞ்சி மேல் படிந்த ஆடைகூட அசையவில்லை. ஊரையே எழுப்புகிற மாதிரி ட்ரம்பெட் ஊதுகிற மனுஷன்! அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். இப்போதே நிறுத்தினால் தைத்துச் சரிசெய்யலாம், இன்னும் அழுத்தி ஊதினால் தைப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது என்றார். இவர் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டார்.

டிரம் வாசிக்கிறவர் வந்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. நீ பக்கத்து நாற்காலியில் இருந்தவரை, உச்சத்தில் வரும் இடங்களையெல்லாம் நீயே சேர்த்து ஊதிவிடுவாயாமே. உன் அண்ணன் விரலை மட்டும் அசைப்பாராம். பேண்ட் மாஸ்டருக்கே தெரியாதாம். உன்னைத் திட்டவா, கும்பிடவா என்று எனக்குப் புரியவில்லை. இப்போது உன் நாற்காலிக்கு வந்திருப்பவன் தன் பங்கை மட்டும் ஊதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறானாம். அவனைக் குறை சொல்ல முடியுமா?

அடுத்த மாதம் தியேட்டரில் புது நிகழ்ச்சி. திரை தூக்கியதும் உன் அண்ணன் தனியாக எழுந்து நின்று ஊதித் தொடங்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லத்தானே வாய் இருக்கிறது என்றேன். உதடு போனவன் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்கிறார். “ஊதலன்னா நான் யாருடி?” என்று கேட்டார், தம்பி. என் புருஷன் என்றேன். அது அவருக்குப் போதவில்லை.

அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன். ட்ரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி மாவு டப்பாவில் ஒளித்தும் பார்த்தேன். யாரிடமோ ஒன்றை வாங்கி ஊதி, உதட்டை இன்னும் ரணமாக்கிக்கொண்டு வந்தார். பயந்துபோய் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதனால் உன்னை ஒரு பொய் சொல்லச் சொல்கிறேன். உன் ட்ரம்பெட் கப்பலில் விழுந்து நசுங்கிவிட்டது, வேலை போய்விடும் போலிருக்கிறது என்று அவருக்கு எழுதி, அவருடையதை மவுத்பீஸோடு உடனே அனுப்பச் சொல். போனில் வேண்டாம், உன் குரலே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் பிடுங்கினால் இன்னொன்றைத் தேடுவார். நீ கேட்டால் தானே எடுத்துக் கொடுப்பார். தம்பிக்காக விட்டேன் என்று பேண்ட் மாஸ்டரிடம் தலை நிமிர்ந்து சொல்லலாம். உதடு போய்விட்டது என்று அவரால் சொல்ல முடியாது, தம்பி. செத்துப்போவார்.

ட்ரம்பெட்டைத் துடைத்து அவர் பெட்டியில் வைக்கும்போது நான்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றுகொள்கிறேன். அவருக்கு உண்மை தெரிந்தால் பழியெல்லாம் என் தலையில் போடு. என்னோடு அவர் பேசாமல் போனாலும் பரவாயில்லை, பேச வாய் இருக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் உதடு நோகாமல் இருக்க வேண்டும். உன் அண்ணனிடம் கேள், தம்பி. இதைப் படித்த கையோடு கேள்.

உன்னையே நம்பியிருக்கும்
அண்ணி