இழுபடாத தோல்

இன்று காலை ஆம்பூரிலிருந்து வந்த பெல்ட் கட்டைப் பிரித்தேன். தோல் வாசனை கடை முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. நீங்கள் இல்லாமல் வந்த இரண்டாவது நோன்புப் பெருநாளும் கடந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் இந்தத் தருமபுரிக் கடைக்கு வந்தபோது எனக்கு எல்லாமே ஒரே பெல்ட்தான். நீங்கள் ஒவ்வொன்றாக மடக்கி விளிம்பைக் காட்டினீர்கள். மேலே பளபளப்பு, அடியில் துணி என்றால் ரெக்சின். தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்தியது, மடக்கினால் வெடிக்கும். தோலை இரண்டாகச் சீவி, அடிப்பாதியின் மேல் சாயம் பூசியது, கொஞ்ச நாளில் உரியும். கடைசியில் உங்கள் இடுப்பிலிருந்ததையே கழற்றிக் கொடுத்தீர்கள். சீவாத எருமைத்தோல். "மடக்குனா சுருக்கம் வுழும், வெடிக்காது. எத்தன வருசமானாலும் இழுபடாது" என்றீர்கள்.

அதே பெல்ட்டில் ஒருநாள் புதிதாகத் துளை போட்டுக்கொண்டிருந்தீர்கள். கேட்டதற்கு, "இழுபட்டுருச்சு" என்றீர்கள். பிறகு சோற்றைப் பாதியில் ஒதுக்கத் தொடங்கினீர்கள். கறி வாசனை குமட்டியது. நான்காவது முறையாகத் துளை போடச் சுத்தியலை எடுத்தபோது பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"யாருகிட்டங்க பொய் சொல்றீங்க? எருமத்தோலு இழுபடாதுன்னு சொன்னதே நீங்கதான. எளச்சது நீங்க."

நீங்கள் சுத்தியலைக் கீழே வைத்தீர்கள். பிறகு, "தெரியுது. டாக்டரு வாயால கேக்கத்தான் பயமா இருக்குது" என்றீர்கள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். சேலத்திலும் அதையேதான் சொன்னார்கள். மருந்து ஏற்றிய மாதங்களில் கைலியோடுதான் கிடந்தீர்கள். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு உங்கள் தம்பி பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணி, இத யாருக்குக் குடுக்கறது?" என்று கேட்டார். அத்தனை துளை போட்டதை யார் கட்டுவார்கள்?

கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். இன்னொரு துளை வேண்டும் என்று யார் வந்தாலும், முகத்தைப் பார்க்காமல் என் கை சுத்தியலுக்குப் போவதில்லை. போன வாரம் இண்டூர்க்காரர் ஒருவர் வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"சோறு எறங்குதுங்களா?" என்றேன்.

"அதயெல்லாம் ஏங்கக்கா கேக்கறீங்க? துள போடுங்க."

"போடறேன். ஆஸ்பத்திரில ஒருக்கா காட்டிட்டுப் போயிருங்க. பக்கத்துலதான இருக்குது."

துளை போட்டுக் கொடுத்தேன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் போகாமல், பஸ் ஸ்டாண்டு பக்கமாகத்தான் திரும்பினார்.