பலகைச் சுவருக்குள் உள்ள ஆட்டு ரோமத்தைக் கணக்கில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
அர்மெல் கெர்வெல்லா,
படகு எஞ்சின் மெக்கானிக் (ஓய்வு),
கலங்கரை விளக்கச் சாலை,
பொர்-மெல்வென், பிரிட்டனி, பிரான்ஸ்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வீட்டுவசதிப் பிரிவு.

பொருள்: வாடகைக்கு விடவிருக்கும் வீட்டின் எரிசக்தித் தரச் சான்றை மறுஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தோட்டத்தில் ஒரு சிறு கல்வீடு உள்ளது. அதைத் திருமதி எனோரா தாலெக் அவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க விரும்பி, சட்டப்படி எரிசக்தி ஆய்வாளரை அழைத்தேன். வீடு சூட்டைத் தக்கவைக்காது என்று அவர் கொடுத்தது 'ஜி' என்னும் கடைசித் தரம். அந்தத் தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது என்பது தாங்கள் அறிந்ததே.

2. அது குளிர்ந்த வீடு அல்ல, ஐயா. கற்சுவருக்கு உட்புறம் பலகை அடித்து, இடையில் குளிர் புகாதபடி செம்மறி ஆட்டு ரோமத்தை நானே திணித்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டரைப் பழுது பார்த்தேன், அவர் ரோமம் தந்தார், பிறகு இருவரும் சைடர் என்னும் ஆப்பிள் மது குடித்தோம். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யார் பில் போடுகிறார்கள்?

3. ஆய்வாளர் மரியாதையானவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணால பார்க்கணும், இல்லேன்னா பில்லு வேணும். ரெண்டும் இல்லேன்னா உள்ளே ஒண்ணும் இல்லேன்னுதான் நாங்க எழுதணும்" என்றார். ரம்பத்தை எடுத்து வந்தேன். "ஐயையோ, உடைக்க எங்களுக்கு அனுமதி இல்லீங்க" என்று பின்வாங்கிவிட்டார்.

4. எனோரா என்னோடு ஒரே பள்ளியில் படித்தவர். நாந்த் நகரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். சென்ற நவம்பரில் தாயார் கல்லறைக்குச் சாமந்தி வைக்க வந்தபோது, புயலில் ரயில் நின்றுபோக, அந்த வீட்டில் தங்கினார். காலையில், "அடுப்பே மூட்டலையே அர்மெல், எப்படி இவ்வளவு கதகதப்பா இருக்கு? போர்வையை உதைச்சுத் தள்ளிட்டுல்ல தூங்கினேன்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சான்றாகாது என்று எனக்கும் தெரியும்.

5. வாடகை வேண்டாம், சும்மா வந்து இருக்கலாம் என்றேன். "ஓசியில ஒண்டிக்க நான் என்ன பூனையா? என் பேர்ல வாடகைப் பத்திரம் போடு, பெட்டியோட வந்துடறேன். இல்லேன்னா நாந்த்துலயே வேற வீடு பார்த்துக்கறேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஈஸ்டர் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் தினமும் காலையில் அந்த வீட்டு ஜன்னல்களைத் திறந்து, காற்றாட விட்டு, மூடிவிட்டு வருகிறேன். என் சமையலறையிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று ஏங்குகிறேன். மனுவில் எழுதும் விஷயமல்ல, பொறுத்தருள்க.

6. பதிவான அறிக்கையைத் தங்கள் உத்தரவின்றித் திருத்த இயலாது என்கிறது ஆய்வு நிறுவனம். தாங்கள் பார்த்து உத்தரவிட வசதியாக எல்லாப் பலகைகளையும் நானே கழற்றிவிட்டேன். ரோமம் கண்ணெதிரே இருக்கிறது. ஈஸ்டருக்குள் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஒருவரும் வராவிட்டாலும் பலகையை மீண்டும் அடிக்க மாட்டேன். எனோராவை வரச்சொல்லிக் காட்டுவேன். உள்ளே இத்தனை காலமும் இருந்தது என்று அவருக்காவது தெரியட்டும்.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
அர்மெல் கெர்வெல்லா
(ஒப்பம்)

இடம்: பொர்-மெல்வென்
நாள்: 9 மார்ச் 2026

இணைப்பு: பில்லுக்குப் பதிலாக, ஒரு கைப்பிடி ரோமம்.