கொடுவாவுக்குச் சோயா

12 ஜூன் 2006, திங்கள்
மேடவாக்கம் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மோர் வாசனை. அப்படியென்றால் சோயாப் புண்ணாக்கு பதமாக நொதித்திருக்கிறது. கெட்டுப்போனால் பக்கத்து அடுக்ககத்திலிருந்து சண்டைக்கு வந்துவிடுவார்கள். காயவைத்து, அரைத்து, மீன் தீவனமாக்கியாயிற்று. வழக்கமாகச் சேர்க்கிற மீன் தூள் இதில் ஒரு சிட்டிகைகூட இல்லை. நாளை முதல் எட்டு வாரம் மூன்று தொட்டிக் கொடுவாக்களுக்கு இதுதான். மற்ற மூன்று தொட்டிக்குப் பழைய தீவனம்.

முதலாளி யாசீன் சார் வந்து பார்த்தார். மீன் தூள் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாம். இது தேறாவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயம்.

17 ஜூன்
தின்னவில்லை. வாயில் வாங்கித் துப்புகின்றன. மீனைத் தின்று வளர்கிற மீன், அதற்குப் போய்ச் சோயா. இதற்காகவா பள்ளிக்கூட வேலையை விட்டேன்?

24 ஜூன்
தின்கின்றன. சவுரிமுத்து சொன்னபோது நம்பவில்லை. தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்; கோவளத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நானே நின்று பார்த்தேன். தூவியதும் பாய்ந்து வருகின்றன.

11 ஜூலை
நான்காம் வார எடை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். யாசீன் சாருக்குப் போனில் சொன்னேன். “பொழச்சோம் கெசியா” என்றார்.

20 ஜூலை, வியாழன்
எப்படி எழுதுவது இதை. இன்று சீக்கிரம் போய்விட்டேன். சவுரிமுத்து ஒரு தூக்குவாளியிலிருந்து எதையோ என் தீவனத்தின்மேல் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். கருவாடு வேகவைத்த தண்ணீர். ஒரு மாதமாக ஊற்றுகிறாராம்.

“பத்து நாளு பட்டினி கெடந்துச்சு மேடம். பாத்துகினு இருக்க முடியல.”

கருவாட்டையும் போட்டீர்களா என்று கேட்டேன். “கருவாட நாங்க துன்னுட்டோம். தண்ணி மட்டுந்தான்.”

கத்திட்டேன். எல்லாம் பாழ். ஏன் எங்கிட்ட சொல்லல? சொன்னால் நிறுத்தச் சொல்வீர்கள் என்றார். உண்மைதானே. சொல்லியிருப்பேன்.

21 ஜூலை
இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் கொட்டகை தப்பும், என் வேலையும் தப்பும். ஆனால் திருப்போரூரில் கொடுவா வளர்க்கிற பொன்னுசாமி, இந்தத் தீவனத்தில் முதல் மூட்டை தனக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார் — அவர் குளத்தில் யார் போய்க் கருவாட்டுத் தண்ணீர் ஊற்றுவது?

24 ஜூலை, திங்கள்
யாசீன் சாரிடம் சொல்லிவிட்டேன். முழுதும் கேட்டார். அந்த ஆளை அனுப்பிவிடு என்றார். நான் விடவில்லை.

“பத்து நாள் மீன் பட்டினி கிடந்தப்ப நான் ‘தின்னவில்லை’ன்னு நோட்டுல எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன் சார். அவர்தான் ஏதாவது செஞ்சார். தப்பு என் மேலதான்.”

கடைசியில் சார் சொன்னது: “இன்னொரு தடவை சோதிச்சுப் பாரு. அவ்வளவுதான்.”

31 ஜூலை
புதிய சோதனை. இரண்டு தொட்டிக்கு முழுச் சோயா, இரண்டுக்குப் பாதி சோயா பாதி மீன் தூள், இரண்டுக்குப் பழையது. சோயா சேர்ந்த நான்கு தொட்டியிலும் கருவாட்டுச் சாறு — இந்த முறை அளந்து. எவ்வளவு ஊற்றினீர்கள் என்றால் சவுரிமுத்து கையைக் காட்டுகிறார். அவரை ஊற்றச் சொல்லித் தராசில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்கவேயில்லை அவர். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

13 ஆகஸ்ட், ஞாயிறு
ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. தொட்டி நினைப்பு.

25 செப்டம்பர், திங்கள்
கடைசி எடை. முழுச் சோயா, நான்காம் வாரத்துக்குப் பிறகு பின்தங்கிவிட்டது. பாதிக்குப் பாதி, பழைய தீவனத்துக்குச் சமம். இரண்டு முறை நிறுத்துப் பார்த்தேன். மீன் தூளை ஒழித்துக்கட்டுவேன் என்று ஆரம்பித்தவள்; பாதிதான் முடிந்தது. பாதியே பெரிசு என்றார் யாசீன் சார்.

9 அக்டோபர்
பொன்னுசாமி வந்து பாதிக்குப் பாதி தீவனம் இரண்டு மூட்டை வாங்கினார். கருவாட்டுச் சாறு எப்படி ஊற்ற வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார். “சவுரிமுத்துகிட்ட கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்” என்றேன். இருவரும் தொட்டி ஓரம் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த புண்ணாக்கை ஊறவைக்கப் போனேன்.