சிவப்பு பேனரில் தைத்த டவுசர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே உன் உடம்பும் வேலையும் எப்படி இருக்கிறது என்று எழுது. திட்டுவதாக இருந்தால் உட்கார்ந்துகொண்டு திட்டு, நீ பத்திரமாக வை என்று கொடுத்துவிட்டுப் போன சிவப்புத் துணி பேனரை வெட்டி உன் அப்பாவுக்கு இரண்டு டவுசர் தைத்துவிட்டேன். நல்ல கெட்டித் துணி, பீரோ மேல் சும்மா கிடந்தது, கை அரித்தது. 'வேலை எங்கள் உரிமை' என்று நீங்கள் எழுதியதில் 'உரிமை' அவர் பின்பக்கம் வந்துவிட்டது. வீட்டுக்குள்தானே என்று அவரும் ஒரு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தார்.

உங்கள் கட்சி ஜெயிக்கும் என்று யார் கண்டது. பேங்க் விழுந்து, எங்கள் தையல் கம்பெனியையும் மூடி, தெருவில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்தபோது பழைய இரண்டு கட்சிக்காரர்களும் வயிற்றைக் கட்டுங்கள் என்றுதான் சொன்னார்கள். நீங்கள் ஏழு பிள்ளைகள் சேர்ந்து இடதுசாரிப் புதுக்கட்சி என்றபோது, பந்து விளையாடக்கூட ஆள் பத்தாதே என்று கிண்டலடித்தவள் நான்தான். இப்போது நம் தொகுதியில் ஜெயித்திருப்பது உங்கள் சோடாபுட்டிக் கண்ணாடித் தம்பி. மூடிப்போன பேங்க் அறையிலேயே கட்சி ஆபீஸ், கம்பி வைத்த கவுண்டர்கூட அப்படியே இருக்கிறது. போன வாரம் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து, அம்மா, அந்த மொத பேனரக் குடுங்க, ஆபீஸ் திறப்புக்கு மாட்டணும், நீங்க தச்சதுன்னு உங்க பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா என்றார். உன் அப்பா அந்த டவுசரோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். நானும் ஆமாம் தம்பி என்று சொல்லித் தொலைத்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு டவுசரையும் பிரித்து மறுபடி பேனராக ஒட்டுப்போட்டேன். ஓரத்தில் உன் கோணல் தையல் அப்படியே இருந்தது, எத்தனை சொல்லிக்கொடுத்தும் உனக்கு நேராக வராதே, அதைப் பார்த்ததும் கம்பெனி வாசல் ஞாபகம் வந்துவிட்டது. கம்பெனியை மூடக்கூடாது என்று, கட்சி தொடங்கும் முன்பே, இந்தப் பேனரைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். யாரும்மா அது, உன் பொண்ணா என்று சூப்பர்வைசர் கேட்டார். தெரியல சார், யாரோ என்றேன். உனக்குக் கேட்டது. அன்றைக்கு வீட்டில் நீ ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட்டுவிட்டு என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாய். வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னேன், பத்தாம் நாள் அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகும் பேனர் அம்மா தைத்தது என்று நீ சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாய். ஊரையே கேலி பேசுகிற வாய்க்கு இதைச் சொல்ல இத்தனை நாள் ஆனது.

விழாவில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்துக் கைதட்டினார்கள். உடம்பெல்லாம் கூசியது. எழுந்து, தச்சது என் பொண்ணுப்பா, வெட்டினதுதான் நான், கம்பெனி வாசல்ல அவள யாருன்னே தெரியாதுன்னு சொன்னவளும் நான்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உன்னிடம் கேட்கும் முன்னால் ஊரிடம் சொன்னதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதைக் கட்டிக்கொள். கோபமாக இருந்தாலும் இரண்டு வரி போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மாதான்.

பி.கு.: டவுசர் பை ஒன்றைப் பிரித்தால் எழுத்து கிழியும் என்று பேனரிலேயே விட்டிருந்தேன். நான் பேசி முடித்ததும் தம்பி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், பின்னால் தொங்கிய பேனரின் அந்தப் பையில் கண்ணாடியைப் போட்டார். உன் அப்பா சாவிக்கொத்து போட்டு அடி ஓட்டையான பை அது. கீழே சிமெண்டுத் தரை.