ஜெனிக்கு என்ன சொல்வது

முந்தாநாள் சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது வாசலிலிருந்து ஒரு வாடை வந்தது. எண்ணூர் முகத்துவாரத்துக் கருஞ்சேற்றின் வாடை. உனக்குத் தெரியாததா? அழுகின முட்டையும் கருவாடும் கலந்த மாதிரி, பஸ்ஸில் நம் பக்கத்தில் யாரையும் உட்கார விடாத அதே வாடை. நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து, "வாமே, கால கழுவிட்டு உள்ள வா" என்று குரல் கொடுத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் ஜெனி நிற்கிறாள். முழங்கால் வரை சேறு, செருப்பு கையில். கூப்பிட்டது தன்னை இல்லை என்று உன் மகளுக்குப் புரிந்துவிட்டது. நேரே குழாயடிக்குப் போனாள்.

அவள் குரூப் டூ தேறிவிட்டாள். நீ இருந்திருந்தால் ராயபுரத்தில் உன் தெரு முழுக்க பிரியாணி போட்டிருப்பாய். இன்றைக்குக் காலை கவுன்சலிங். நாம் சேர்ந்தபோது இந்த ஏற்பாடெல்லாம் கிடையாது. இப்போது திரையில் எந்தத் துறையில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடுமாம். தன் முறை வந்ததும் எழுந்துபோய் ஒரு பதவியைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. ஜெனியின் ரேங்குக்கு வருவாய்த்துறை உதவியாளர் வேலையும் கிடைக்கும், வனத்துறையில் நம் வனவர் வேலையும் கிடைக்கும். எதைச் சொல்வது என்று தெரியாமல், நாம் வேலை பார்த்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று நெட்டுக்குப்பத்தில் இறங்கிச் சேற்றில் நடந்திருக்கிறாள்.

காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "பெரிம்மா, அம்மா இருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க?"

காபி போட்டு எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். வீட்டில் பால்கூட இல்லை.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் கூத்து. இருபது வருஷத்துக்கு மேல் உன்னோடு ஒரே ரேஞ்சில் குப்பை கொட்டியவள் நான். உனக்கு மீன் குழம்பில் எவ்வளவு புளி வேண்டும் என்று தெரியும். உன் மகள் விஷயத்தில் நீ என்ன நினைத்தாய் என்று தெரியவில்லை. நீ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு சொன்னாய். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை.

அலையாத்தி மரம் நட்ட அந்தச் சுற்றுச்சூழல் தின விழா உனக்கு மறந்திருக்காது. ஷாமியானா போட்டு, ரிப்பன் கட்டி, சேற்றின் மேல் பலகை பரப்பி வைத்திருந்தோம். தலைமையிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும் சுரபுன்னை விதையை அவர் கையில் கொடுத்தோம். கூர்முனை சேற்றுக்குள் போக வேண்டும், மொட்டு மேலே நிற்க வேண்டும். மனுஷர் மொட்டைச் சேற்றுக்குள் செருகிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து நட்டவர் பெரியவர் எப்படி நட்டாரோ அப்படியே நட்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. மேலதிகாரி தலைகீழாக நட்டால் கீழே இருப்பவர் எப்படி நேராக நடுவார்? ரேஞ்சர் நம்மைப் பார்த்து, பேசாமல் இருங்கள் என்று கண்ணைக் காட்டினார். நீ என் காதில், "இன்னாமே இது, அல்லா செடியும் சிரசாசனம் பண்ணிகினு கீது" என்றாய். சிரிப்பை அடக்க நான் தும்முவதுபோல் நடித்தேன்.

கார்கள் போனதும் நீயும் நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் ஏறுவதற்குள் வரிசை முழுவதையும் பிடுங்கி, திருப்பி நட்டோம். அன்றைக்கு நீ பாடிக்கொண்டே நட்டாய். நம் வேலையில் இதைவிடச் சந்தோஷமான நாள் ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

அந்த வருஷ மழையில் எங்கிருந்தோ வந்த சேறு மொத்தத்தையும் மூடிவிட்டது. நாம் திருப்பி நட்டதும் போயிற்று, அதற்கு முன் ஒழுங்காக நட்டிருந்ததும் போயிற்று. எதிர்க்கரையில், யாரும் கையே வைக்காத இடத்தில், தண்ணீரில் மிதந்துவந்த வெண்கண்டல் விதைகள் தாமாகவே முளைத்து இடுப்புயரம் நின்றன. நீ படகின் விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஏதோ கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "எம் பொண்ணு மட்டும் இந்த வேலைக்கு வரட்டும், கால ஒடிச்சிடுவேன்" என்றாய். விளையாட்டுக்குச் சொன்ன முகம் இல்லை அது.

இது முதலாவது. இதோடு நின்றிருந்தால் நான் ஜெனியிடம் முந்தாநாளே சொல்லியிருப்பேன்: ரெவின்யூ எடுடி, மின்விசிறிக்குக் கீழே உட்காரு.

ஆனால் அதற்கு அடுத்த வருஷம் வேறொன்று நடந்தது. புதிதாக நடுவதற்கு மேலிருந்து வரைபடம் வந்தது. நெட்டுக்குப்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் துழாவிப் பிடிக்கும் இடத்தின் நடுவில் கோடு போட்டிருந்தார்கள். இறால் போடும் சிறு கூடையை வாயில் கடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மா, அதை எடுத்துவிட்டுக் கேட்டார். "மரம் வெச்சா எறாலு வரும்னு சொல்றீங்கோ, சர்தான். எறாலு வர்ற எடத்துலயே மரத்த வெச்சா நாங்க எங்க போய் குந்தறது?" அவர்களும் ஏழைகள், மரமும் வேண்டும், கோடு போட்டவரும் கெட்டவர் இல்லை. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீ போய்க் கோட்டைத் தள்ளிப் போட்டாய். மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டாய். பயமா இல்லையா என்று கேட்டேன். "பேஜாருதான். ஆனா இத்த நாம பண்லன்னா வேற எவ வந்து பண்ணுவா?" என்றாய்.

மரம் நடுவதற்கா சர்க்கார் சம்பளம் என்று வியாசர்பாடியில் என் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் அரசு வேலை என்னுடையது. மேசையும் நாற்காலியுமாக என்னைப் பார்க்க ஆசைப்பட்டவளுக்குச் சேற்றுக்கால் பிடிக்குமா? அவளுக்கும் நான் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. அப்போதெல்லாம் உன்னைக் கேட்பேன். நீ எதையாவது சொல்லுவாய், எனக்கு அது போதும்.

இரண்டாவதை நீ ஆஸ்பத்திரியில் சொன்னாய். நெஞ்சுவலி வந்து கொஞ்சம் தேறியிருந்தாய். பேசக் கூடாது என்று நர்ஸ் சொன்னதைக் கேட்காமல், கோட்டைத் தள்ளிப் போட்ட இடத்தில் மரம் எவ்வளவு உயரம் என்று விசாரித்தாய். தலைக்கு மேலே போய்விட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஜெனிய நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே இட்டாந்துடுமே" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கால ஒடிப்பேன்னியே?" என்றேன். அதற்குள் நீ தூங்கிவிட்டாய். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த வாரமே போய்விட்டாய்.

எது நீ? படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவளா, கட்டிலில் படுத்திருந்தவளா? நல்ல உடம்போடு, கோபத்தில் சொன்னதை எடுத்துக்கொள்வதா, மருந்து மயக்கத்தில் ஆசையாகச் சொன்னதை எடுத்துக்கொள்வதா? எனக்குத் தலை வெடிக்கிறது. உன்மேல் கோபமாகக்கூட இருக்கிறது.

கடைசியில் பாலில்லாத காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஜெனியிடம் இரண்டையும் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டே குடித்தாள். "அப்ப எத்தப் பெரிம்மா எடுக்கறது?" என்றாள். "தெரியலடி" என்றேன். "அம்மாவுக்கு தோஸ்துன்னா நீங்கதான். நீங்களே தெரியலன்னா நான் யாரப் போய் கேக்கறது?" அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள்.

இன்று காலை கவுன்சலிங்குக்கு அவளோடு பிராட்வே போனேன். உள்ளே விடமாட்டார்கள். பெற்றவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்க நிழலில் நின்றிருந்தார்கள். ஒருவர் என்னிடம், "உங்க பொண்ணாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். ரெவின்யூதான் எடுக்கப் போகிறேன் என்று ஜெனி பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். சரி என்றேன். நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

வெளியே வந்தவள் சாலையைத் தாண்டி என் எதிரில் வந்து நின்றாள்.

"வனவர்னு சொல்லிட்டேன் பெரிம்மா."

"ரெவின்யூன்னியே!"

"அத்த சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இது வந்துடுச்சி."

"ஏன்டி?"

"தெரியல."

பிறகு அவளே கேட்டாள். "நான் தப்பு பண்ணிட்டனா? அம்மா திட்டுவாங்களா?"

திட்டுவாள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, திட்டமாட்டாள் என்று சொல்லவும் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடைக்கு அழைத்துப்போய் பன் வாங்கிக் கொடுத்தேன். பசியோடு தின்றாள். ராத்திரியிலிருந்து அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எனக்கு ஒன்றும் தெளியவில்லை. பயிற்சி முடிந்ததும் அவளை எங்கே போடுவார்களோ? நம் முகத்துவாரமாக இருக்கலாம், யானை நடமாடும் மலையாகவும் இருக்கலாம். அவள் நடப்போகிற மரம் நிற்குமா என்பதும் எனக்குத் தெரியாது. நாம் நட்டதில் பாதி எதற்காக நட்டோம் என்பதற்கே என்னிடம் பதில் இல்லை.

இத்தனை வருஷத்தில் எனக்குச் சந்தேகமே வராத விஷயம் ஒன்றுதான். நீ சேற்றில் இறங்கிய எந்த நாளிலும் நான் கரையில் நின்றதில்லை. நான் இறங்கியபோது நீயும் நின்றதில்லை. ஒருத்தி கால் புதைந்தால் இன்னொருத்தி கை கொடுத்து இழுப்பாள். அப்படித்தான் இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தோம்.

எந்த ஊரில் போட்டாலும் முதல் நாள் ஜெனியோடு நானும் இறங்கப் போகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாவது போவேன். இதுவரைக்கும் எல்லாவற்றையும் உன்னைக் கேட்டுத்தான் செய்தேன். இதை மட்டும் கேட்கவில்லை.